மீன் தலை பார்த்த நாற்காலி

நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் எடுத்து ஆள் விடுகிற வைத்திலிங்கம் கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. நேற்று வரைக்கும் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்த ஆள் இன்றைக்கு அதையே மாற்றிச் சொன்னால், "சைனா போயிட்டு வந்துட்டான்டா" என்பார்கள். கப்பலேறிப் போகிற சைனா இல்லை. மெட்ராசில் ஒரு பெரிய நட்சத்திர ஓட்டலின் முதல் மாடியில் இருக்கிற சீனச் சாப்பாட்டுக்கூடம். கன்வேயர் பெல்ட் விற்கிறவன் எவனோ பத்து வருஷத்துக்கு முன்னால் வைத்திலிங்கத்தை அங்கே கூட்டிக்கொண்டு போய், ஒரு மத்தியானம் முழுக்க உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு, வேண்டவே வேண்டாம் என்றிருந்த பெல்ட்டை அவர் தலையில் கட்டி அனுப்பினானாம். அன்றைக்குத் தொழில் பழகிக்கொண்டார் வைத்திலிங்கம். அதிலிருந்து யாரைத் தலையாட்ட வைக்க வேண்டுமோ அவர்களை அங்கேதான் அழைத்துப் போவார். ஓவர்டைம் கேட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த ஃபிட்டர் ஒருத்தன் அப்படித்தான் போய்வந்தான். அப்புறம் மூன்று மாசம் பல்குத்தும் குச்சியை வாயோரத்தில் வைத்துக்கொண்டு, கொடுக்கிற மனசுள்ள மொதலாளி என்று சைட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

தமிழ்மொழிக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் அந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆபீஸ் வாசலில் நின்ற குவாலிஸ் காரில் ஏறினாள். ஆயிரம் நாள் விபத்தில்லாமல் வேலை செய்ததற்காகக் கம்பெனிக்கு ஒரு ஷீல்டு வரப்போகிறது, சேஃப்டியைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு ஒரு விருந்து வைக்க வேண்டாமா என்று வைத்திலிங்கம் சொல்லியனுப்பியிருந்தார். எந்த ஆயிரம் நாள் என்று அவள் மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். பதினோரு நாளைக்கு முன்னால்தான் பெல்ட்டில் வேலை செய்கிற மதிவாணனின் வலது கையிலிருந்து நான்கு விரல்கள் போயிருந்தன. போகமாட்டேன் என்று ஆபீசிலேயே சொல்லியிருக்கலாம். அந்த ஆளின் முகத்துக்கு நேராக, அவர் பெருமையடித்துக்கொள்கிற அந்த இடத்திலேயே உட்கார்ந்து முடியாது என்று சொல்ல வேண்டும் என்று ஒரு வீம்பு. இன்னொன்றும் இருந்தது. அந்த ஓட்டல் உள்ளே எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க ஆசை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியும் ஒரு வருஷ சேஃப்டி டிப்ளமோவும் படித்து, அவள் குடும்பத்திலேயே முதல்முதலாகப் பேனா பிடிக்கிற வேலைக்கு வந்தவளுக்கு அந்த ஆசை வந்ததே அவமானமாக இருந்தது. வந்தது வந்ததுதான்.

கார் வைத்திலிங்கத்தையும், மேனேஜர் சேவியர்ராஜையும், அவளையும் சுமந்துகொண்டு பண்ருட்டி, விழுப்புரம் தாண்டி ஓடியது. சேவியர்ராஜ்தான் அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டவர். ஐம்பது வயது, நல்ல வெள்ளைச் சட்டை, அதிர்ந்து பேசமாட்டார். வழியெல்லாம் முன் சீட்டில் உட்கார்ந்து மடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் ஃபைலைத் தடவிக்கொண்டே வந்தார்.

ஓட்டல் வாசலில் பெரிய மீசையும் தலைப்பாகையுமாக ஒரு ஆள் கதவைத் திறந்துவிட்டு அவளுக்கு சல்யூட் அடித்தான். அவள் அப்பா கலியன் வயசுதான் இருக்கும். திருப்பி வணக்கம் சொல்வதா, பேசாமல் போவதா என்று தெரியாமல் அவள் தயங்கிய நேரத்துக்குள் வைத்திலிங்கம் அவனைத் தூணைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போய்விட்டார். உள்ளே குளிர் எலும்பைக் கவ்வியது. பாத்ரூமுக்குப் போனால் அங்கே ஒரு அம்மாள், கை கழுவுகிறவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பதற்கென்றே நாளெல்லாம் நின்றுகொண்டிருந்தாள். தமிழ்மொழி கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த அம்மாள் அதற்கும் ஒரு மாதிரி பார்த்தாள்.

சாப்பாட்டுக்கூடம் சிவப்பும் கறுப்புமாக இருந்தது. வட்ட மேசை. மேசை நடுவே இன்னொரு வட்டக் கண்ணாடி, விரலால் தள்ளினால் சுற்றுகிறது. பதார்த்தங்களை அதன்மேல் வைத்துவிட்டால் வேண்டியதை வேண்டியவர்கள் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். சுவரோரம் பெரிய தொட்டியில் உயிர்மீன்கள். வைத்திலிங்கம் உட்காருவதற்கு முன்னால் அங்கே போய் விரலைக் காட்டினார். வெள்ளைக் கையுறை போட்ட சர்வர் அந்த மீனை வலையில் பிடித்து, ஒரு தட்டகலப் பாத்திரத்தில் துள்ளத் துள்ளக் கொண்டுவந்து மேசையோரம் காட்டினான். உயிரோடுதான் சமைக்கப் போகிறோம் என்பதற்கு அத்தாட்சியாம். மீனின் செவுள் திறந்து திறந்து மூடியது. வைத்திலிங்கம் மாப்பிள்ளை பார்த்தவர் மாதிரி திருப்தியாகத் தலையசைத்தார். இது சாதாரண சைனா சாப்பாடு இல்லை, கான்டன் பக்கத்துச் சமையல், நம்ம ஊர் ஃபிரைட் ரைஸ்காரனுக்கெல்லாம் இது கனவிலும் வராது என்று அவளுக்கு விளக்கினார். சர்வர் அவரைப் பெயர் சொல்லி, சார் போட்டுக் கூப்பிட்டபோது அவர் முகம் மலர்ந்த அழகைப் பார்க்க வேண்டும்.

முதலில் மூங்கில் கூடைகளில் ஆவி பறக்க வந்தது. கொழுக்கட்டைதான், ஆனால் மாவு கண்ணாடி மாதிரி மெல்லிசு, உள்ளே இருக்கிற இறாலின் சிவப்பு வெளியே தெரிந்தது. சேவியர்ராஜ் கண்ணை மூடி, நெற்றியிலும் மார்பிலும் சிலுவைக்குறி போட்டு, உதடு அசைய ஜெபம் சொல்லிவிட்டுத்தான் குச்சியைத் தொட்டார். தமிழ்மொழிக்குக் குச்சி வரவில்லை, ஸ்பூனால் எடுத்தாள். வாயில் போட்டதும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அவ்வளவு ருசி. விடிகாலையில் பழைய சோறுகூடச் சாப்பிடாமல் கிளம்பிய வயிறு, யார் வீட்டுக் காசு, எதற்கான காசு என்றெல்லாம் கேட்காமல் இன்னொன்று கொடு என்றது. இரண்டாவதையும் தின்றாள். நாக்குக்கு மானம் கிடையாது என்று தன்னையே திட்டிக்கொண்டு மூன்றாவதைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த கூடையைத் திறந்ததும் அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

கோழிக்கால். முழங்காலுக்குக் கீழே, நகம் மட்டும் வெட்டிய பாதம். கருப்புச் சாறில் ஊறி, தோல் உப்பிச் சுருங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக விரல் விரித்துக் கிடந்தன. அவள் ஊர் மந்தாரக்குப்பம் கறிக்கடையில் இதைத் தனி வாளியில் எறிவார்கள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா அந்த வாளியிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து, அடுப்பில் வாட்டி மஞ்சள் தோலை உரித்து, மிளகு தட்டிப்போட்டுக் குழம்பு வைப்பாள். தெருவுக்கே வாசனை போகும். சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித்தான் அவளைக் கேலி செய்தார்கள். இங்கே வெள்ளைக் கையுறைக்காரன் அதற்கு ஏதோ தெய்வப் பறவையின் பெயரைச் சொல்லி வைத்துவிட்டுப் போனான்.

வாளியும் கேலியும் பழைய கதை. அவளைப் பின்னால் தள்ளியது அது இல்லை. அந்த விரல்கள்.

அன்றைக்கு ஐப்பசி மழை. செவ்வாய்க்கிழமை, செகண்ட் ஷிப்டு, சாயங்காலம் நாலு மணி பத்து நிமிஷம். மழையில் நனைந்த நிலக்கரி களிமண்ணோடு சேர்ந்து ரோலரில் அப்பிக்கொள்ளும். பெல்ட்டை நிறுத்தினால் வேலை நின்றுபோகும் என்று, ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் கம்பியை விட்டுச் சுரண்டச் சொல்வார் சூப்பர்வைசர். சுரண்ட வசதியாக இருக்கட்டும் என்று ரோலருக்கு முன்னால் இருந்த தடுப்பு வலையையும் எப்போதோ கழற்றிப் போட்டாயிற்று. அதை மாட்டச் சொல்லித் தமிழ்மொழி மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தாள். மதிவாணனின் கம்பியை ரோலர் இழுத்தது. கம்பியோடு கையும் போனது.

அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சேற்றில் விரலைத் தேட ஒருத்தரும் குனியவில்லை. வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவள்தான் முட்டி போட்டுத் தேடினாள். இரண்டு கிடைத்தன. கேட்டுக்கு வெளியே ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, பால் கவரில் போட்டு, பின்னாலேயே ஒரு டூவீலரில் அனுப்பினாள். நசுங்கிவிட்டது, பயன்படாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மறுநாளே அவனை மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு ஈரக் கையோடு உட்கார்ந்து விபத்துப் பதிவேட்டில் எல்லாவற்றையும் எழுதினாள். நேரம், இடம், ரோலர் எண், இல்லாத தடுப்பு வலை. பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டுத் தைத்த புத்தகம் அது, கிழிக்க முடியாது. மேலிடத்தில் கேட்காமல் எழுதியதுதான் தப்பு என்று மறுநாள் சேவியர்ராஜ் சொன்னார். இந்த மாதிரி சமயங்களில் ஆளை முதலில் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய், அவன் சைக்கிளை ரோட்டோரப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, சைக்கிளிலிருந்து விழுந்தான் என்று எழுதுவதுதான் இந்தக் கம்பெனி வழக்கம் என்பது, வேலைக்கு வந்து ஏழு மாசமே ஆன அவளுக்கு அதுவரை தெரியாது.

வைத்திலிங்கம் ஒரு காலை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சினார். சின்னச் சின்ன எலும்புகளை நாக்கால் பிரித்து, ஒவ்வொன்றாகச் சாசரில் துப்பினார். டிக், டிக் என்று கேட்டது. அவள் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"சாப்புடு பாப்பா. கூச்சப்படாத. ஒனக்குப் பழக்கமான அயிட்டந்தான்" என்றார் வைத்திலிங்கம். சேவியர்ராஜ் சிரிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கொழுக்கட்டையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் மீன் வந்தது. சற்றுமுன் துள்ளிய அதே மீன், இஞ்சியும் வெங்காயத்தாளும் மேலே தூவி, முழுசாக ஆவியில் வெந்து, வெள்ளைக் கண்ணோடு நீளத் தட்டில் கிடந்தது. சர்வர் தட்டை வைத்துவிட்டுக் கண்ணாடியை மெல்லச் சுற்றினான். மீனின் தலை தமிழ்மொழிக்கு நேரே வந்து நின்றது.

வைத்திலிங்கம் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "தல யாரப் பாக்குதோ அவங்கதான் இன்னிக்கு ராஜா. அவங்க மொதல்ல எடுக்கணும். அதுவரைக்கும் மேசையில ஒருத்தன் மீனத் தொடக்கூடாது. கான்டன்காரன் சட்டம் இது. நான் இங்க வந்த நாள்லருந்து ஒரு தடவ மீறினதில்ல, கேட்டுப் பாரு" என்று சர்வரைக் காட்டினார். சர்வர் ஆமாம் சார் என்று குனிந்தான்.

அவர் கண்ணைக் காட்ட, சேவியர்ராஜ் மடியிலிருந்த ஃபைலைத் திறந்து மீன் தட்டுக்கும் கோழிக்கால் கூடைக்கும் நடுவில் கண்ணாடியின்மேல் வைத்தார். மூடி கழற்றிய பேனா ஒன்றையும் வைத்தார். விரலால் தள்ளினார். பதார்த்தங்களோடு பதார்த்தமாக அது சுற்றிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றது.

இரண்டு தாள். ஒன்று அவள் பெயரில் டைப் அடித்தது. பதிவேட்டில் தான் எழுதியது கேள்விப்பட்டதை வைத்துத் தவறாக எழுதியது என்றும், சம்பவம் வேலையிடத்தில் நடக்கவில்லை என்றும், கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு. மற்றது மதிவாணனின் வாக்குமூலம். பாதி ஷிப்டில் லீவு சொல்லி வீட்டுக்குப் போகும்போது சைக்கிள் சறுக்கி லாரிச் சக்கரத்தில் கை மாட்டியது, கம்பெனிக்கு இதில் சம்பந்தமில்லை, எனக்கு நல்ல நினைவு இருக்கும்போது இதைப் படித்துக்காட்டக் கேட்டுப் புரிந்துகொண்டேன். அடியில் ஊதா மையில் இடது கட்டைவிரல் ரேகை. திங்கட்கிழமை, மூன்று மணி.

சேவியர்ராஜ் மெதுவாகப் பேசினார். ஷீல்டுக்காக மட்டும் இல்லை, அடுத்த மூன்று வருஷ கான்ட்ராக்ட் இந்த ஆயிரம் நாளை வைத்துத்தான் கிடைக்கும், இருநூறு குடும்பம் இதை நம்பிக்கொண்டு இருக்கிறது. மதிவாணனின் பெண்டாட்டி ஆதிலட்சுமிக்கு ஆபீஸ் பெருக்கும் வேலை போட்டுக் கொடுப்பதாக மொதலாளி வாக்குக் கொடுத்திருக்கிறார். பாதிக்கப்பட்டவனே ஒத்துக்கொண்ட பிறகு நீ எதற்கு நடுவில் நிற்க வேண்டும் என்றார். அவர் குரலில் அக்கறை இருந்தது. அந்த அக்கறைதான் அவளுக்குக் கோழிக்காலைவிடக் குமட்டியது.

அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மதி அண்ணன் கையெழுத்துப் போடுவாரே சார். அறிவொளி கிளாசுல கத்துக்கினாரு. மஸ்டர்ல ஒரு வாரம்கூட கைநாட்டு வெச்சதில்ல. மை டப்பாவ நீட்டினா தள்ளிவுட்டுட்டுப் பேனா கேப்பாரு."

"எந்தக் கையால போடுவான் இப்ப?" என்றார் வைத்திலிங்கம். சொல்லிவிட்டு அதுவே அவருக்கு நன்றாகப் பட்டது போல, தோள் குலுங்கச் சிரித்தார்.

தமிழ்மொழி அவரைப் பார்க்கவில்லை. சேவியர்ராஜைப் பார்த்துக் கேட்டாள். "திங்கக்கெழம ரெண்டாவது ஆபரேஷன். ஒரு மணிக்கு வெளிய கொண்டாந்தாங்க. வெளக்கு வெக்கிற வரைக்கும் கண்ணு தொறக்கலன்னு அண்ணி எனக்கு போன் பண்ணாங்க. மூணு மணிக்கு யாரு படிச்சி யாரு சார் கேட்டது?"

சேவியர்ராஜ் நாப்கினை எடுத்து வாயைத் துடைத்தார். மடித்தார். மறுபடி பிரித்தார்.

"அவன் பொண்டாட்டிய மருந்து வாங்கியான்னு அனுப்பிட்டு, நான்தான் கையப் புடிச்சி வெச்சேன்" என்றார். "வேற என்னம்மா பண்ணச் சொல்ற என்னை."

அந்த விரல்களைப் பார்த்தாள். ஜெபம் சொன்னபோது நெற்றியைத் தொட்ட விரல்கள். சுத்தமாக நகம் வெட்டி, எண்ணெய்ப் பசை படாமல் அடிக்கொரு தரம் துடைத்துக்கொண்ட விரல்கள். மயங்கிக் கிடந்தவனின் மிச்சக் கையைத் தூக்கி, மையில் தோய்த்து, தாளில் அமுக்கி உருட்டியிருக்கின்றன. இந்த ஆளைத்தான் ஏழு மாசமாக, கம்பெனியிலேயே மனுஷன் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் என்று அவள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வைத்திலிங்கம் தேநீர்க் கூஜாவை எடுத்து அவள் கிண்ணத்தில் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, கலியன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தார். பதினெட்டு வருஷமாகத் தன்னிடம் வேலை செய்கிறவன், இந்த வருஷம் சுரங்கத்தின் பர்மனென்ட் லிஸ்ட்டில் பெயர் வரலாம் என்று பேச்சு இருக்கிறது, அதற்கு சர்வீஸ் சர்ட்டிஃபிகேட் தன் கையால்தான் போகவேண்டும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். கிண்ணம் நிறைந்ததும் கூஜாவை வைத்தார்.

அவளுக்கு அப்பாவின் இருமல் நினைவுக்கு வந்தது. பர்மனென்ட் என்ற அந்த ஒரு சொல்லுக்காக அவர் எத்தனை பேரிடம் பல்லைக் காட்டியிருக்கிறார் என்பதும் வந்தது. பேனா ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. கையெழுத்துப் போட மூன்று நொடி ஆகும். அப்புறம் திங்கட்கிழமையே சைட்டில் சொல்வார்கள், கலியன் பொண்ணு சைனா போயிட்டு வந்துட்டா என்று. அதுகூடப் பெரிசில்லை. நாலு பேர் பேசி நாலு நாளில் மறந்துபோவார்கள். மதிவாணன் அந்தக் கையோடு இன்னும் முப்பது வருஷம் இருக்க வேண்டும்.

அவள் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மீன் ஆறிக்கொண்டிருந்தது. மேலே தூவிய வெங்காயத்தாள் வதங்கத் தொடங்கியது. வைத்திலிங்கம் குச்சியை எடுத்தார், வைத்தார். எடு பாப்பா, எடுத்துக்கினே யோசி என்றார். அவள் எடுக்கவில்லை. சேவியர்ராஜின் வயிறு இரைவது அவளுக்குக் கேட்டது. சர்வர் வந்து எட்டிப் பார்த்தான், தொடாத மீனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சமையலில் ஏதாவது குறையா மேடம் என்று கேட்டான். குறை ஒன்றும் இல்லை என்றாள். அவன் போகாமல் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். அவன் எதிரில் தான் சொன்ன சட்டத்தை மீறவும் முடியாமல், அவளை அதட்டவும் முடியாமல் வைத்திலிங்கத்தின் கழுத்து சிவந்துகொண்டு வந்தது. பத்து வருஷமாக இந்த இடத்தில் அவர் வாங்கி வைத்திருந்தது இந்த சர்வரின் மரியாதை ஒன்றைத்தான் போலிருக்கிறது. அதைப் பார்த்ததும் அவளுக்கு முதல்முறையாக அந்தக் குளிரில் கொஞ்சம் சூடு ஏறியது.

"ஒரு துண்டு எடு. எடுத்துட்டுக் கையெழுத்தப் போடு" என்றார் அவர், பல்லுக்குள்.

"ரெண்டும் பண்ண மாட்டேன் சார்."

ஃபைலை எடுத்தாள். இரண்டு தாளும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்தாள். பேனாவைக் கண்ணாடியின்மேலேயே விட்டுவிட்டு, ஃபைலைத் தன் கைப்பைக்குள் செருகி ஜிப்பை இழுத்தாள்.

"அத வெச்சிட்டுப் போ."

"மதி அண்ணன் கைரேகை இதுல இருக்குது. அவுரு வெச்சதான்னு அவுருகிட்டயே கேட்டுட்டு வரேன்."

எழுந்தாள். வெளியே போக சேவியர்ராஜின் நாற்காலியைத் தாண்ட வேண்டும். அவர் நினைத்திருந்தால் காலை நீட்டி மறித்திருக்கலாம், பையைப் பிடித்திருக்கலாம். அவர் குனிந்த தலை நிமிராமல் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த அளவுக்குத்தான் அவர் நல்லவர். நாலடி போனதும் பின்னால் கண்ணாடி சுற்றுகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். வைத்திலிங்கம் மீனின் தலையைச் சேவியர்ராஜ் பக்கம் திருப்பிவிட்டு, "ஆறுதுய்யா, நீ ஆரம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சேவியர்ராஜ் குச்சியை எடுத்தார்.

ஓட்டலுக்கு வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. கேட்டைத் தாண்டியதும் சாக்கடையோரம் நின்று, தின்ற இரண்டு கொழுக்கட்டையையும் வாந்தியெடுத்தாள். தெருக்குழாயில் வாய் கொப்பளித்துவிட்டு, பெரியாஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று கேட்டு ஏறினாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன வேலை தன்னுடையது, அதைத் தூக்கிப்போடத் தனக்கு உரிமை உண்டு. அப்பாவுக்கு ராத்திரி பதில் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஆதிலட்சுமியின் பெருக்குகிற வேலையையும் அல்லவா சேர்த்து அந்த மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மயக்கத்தில் இருந்தவனைக் கேட்காமல் கையைப் பிடித்தவருக்கும், கேட்காமலே அவனுக்காக முடிவெடுத்த தனக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

வார்டில் டெட்டால் வாசனையும் சீழ் வாசனையும் கலந்து அடித்தது. மதிவாணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வலது கை தலையணைமேல் பந்தாகக் கட்டுப் போட்டுக் கிடந்தது. ஆதிலட்சுமி கட்டிலடியில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். தமிழ்மொழி உட்காரவில்லை. நின்றபடியே, தான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கையெழுத்துப் போட மறுத்தது, பெருக்கும் வேலை இனி கிடைக்காது என்பது, கேஸ் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்பது எல்லாம். உங்களைக் கேட்காமல் செய்தது தப்புதான் என்றும் சொன்னாள்.

ஆதிலட்சுமி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஒன் கோவத்துக்கு எங்க வூட்டு அடுப்புதான் கெடச்சிதா தமிழு? நீ படிச்சவ, இன்னோர் எடத்துல வேல தேடிப்ப. நான் ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு எங்கப் போயி நிப்பேன்?"

தமிழ்மொழி ஃபைலைத் திறந்து மதிவாணன் கண்ணுக்கு நேரே வாக்குமூலத்தைப் பிடித்தாள். அவன் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தான். சைக்கிள் என்ற இடத்தில் நின்றான். கீழே ஊதா ரேகைக்கு வந்ததும் உதட்டசைவு நின்றுபோனது.

"நான் வெக்கல" என்றான். "இத நான் வெக்கல."

ஆதிலட்சுமி தாளைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து கட்டிலைச் சுற்றி வந்து, போர்வைக்கு அடியில் இருந்த அவன் இடது கையை வெளியே எடுத்தாள். கட்டைவிரலைத் தன் முகத்துக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். ரேகை வரிகளுக்குள்ளும் நகக்கண்ணிலும் ஊதா இன்னும் ஏறிக் கிடந்தது.

"ஆஸ்பத்திரி மருந்துன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். "திங்கக்கெழமலருந்து தெனம் ஈரத்துணி வெச்சித் தேச்சித் தேச்சிப் பாக்கறேன். போவ மாட்டேங்குதேன்னு நர்சம்மாவ வேற கேட்டேன்."

பக்கத்துக் கட்டில்காரன் தலையைத் தூக்கிப் பார்த்தான். ஆதிலட்சுமி கட்டில் கம்பியில் காயப்போட்டிருந்த ஈரத்துணியை உருவிச் சுருட்டி, கட்டிலுக்கு அடியில் இருந்த வாளிக்குள் எறிந்தாள். தலைமாட்டிலிருந்த ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக் கணவனின் இடது கையை அதற்குள் விட்டு, தண்ணீர் படாதபடி மணிக்கட்டில் முடிச்சுப் போட்டாள்.

"இனிமே தொடைக்கல" என்றாள். "இத எந்த ஆபீசுல போயிக் காட்டணும், சொல்லு."